எழுத்தறியாக் கருவிகள்

திருகோணமலை என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள் உள என்று தமிழ் படித்த சிறுவனொருவனை வினவின், விரல்விட்டு எண்ணி ஆறு என்பான். கணினியை வினவின் விடை ஒன்றாக இராது. ஒருங்குறி முறையில் அப்பெயர் பத்துக் குறிகளாலும் அமையலாம். பதினொரு குறிகளாலும் அமையலாம். மூன்றாவது எழுத்தாகிய 'கோ'வின் ஓகார அடையாளத்தை ஒரே குறியாகவும் பதியலாம். ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்து இரு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. துறைமுகத்துக்கு அப்பால் விரிந்து கிடக்கும் கொட்டியாரக்குடாவின் பெயருக்கும் இதுவே கதி. பதினோராங் குறியால் விளையும் கேட்டை நோக்கும்போதே, செய்நிரல்களை ஆராய்ந்து திருத்தும் கருவிகளின் குறைபாடு தெளிவாகப் புலப்படும்.

கருவிகளாவன எவை என்பதை முதலிற் சுருங்கக் கூறுதல் தகும். மனிதன் எழுதும் செய்நிரலின் மூல வடிவத்தை இயக்காமலே வாசித்து, அதன்கண் உள்ள ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டிக்காட்டும் முயற்சி புதியதன்று. பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் என்பார் சி மொழிக்கென ஆக்கிய 'லின்ட்' என்னும் கருவி 1978ஆம் ஆண்டளவில் வழக்கில் இருந்தது. துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுப் பிசிறே அப்பெயரின் பொருள். அதன் பின்னர், செய்நிரலின் வெளிப்பயனைச் சிறிதும் மாற்றாது உள்ளமைப்பை மட்டும் செப்பஞ்செய்யும் மறுசீரமைப்பு என்னும் கருத்து உருப்பெற்றது. இலினோய்ப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஒப்டைக் 1992இல் அளித்த ஆய்வேடு இத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்று. அங்கேயே டொன் றொபேட்ஸ், ஜோன் பிரான்ட் ஆகிய இருவரும் ஸ்மோல்டோக் மொழிக்கு முதலாவது மறுசீரமைப்புக் கருவியைச் செய்தனர். மார்ட்டின் பௌலர் 1999இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைத் தொழிலுலகெங்கும் பரப்பிற்று. இன்று செய்நிரல் எழுதுவோர் எவரும் இக்கருவிகளின் துணையின்றி ஒரு நாளையேனும் கழிப்பதில்லை எனலாம்.

மறுசீரமைப்புகளுள் மிக எளியதும் மிகப் பயில்வதும் பெயர்மாற்றம் ஆகும். ஒரு மாறிக்கு முதலில் இட்ட பெயர் பொருந்தாதாயின் அதனை வேறொன்றாக மாற்ற வேண்டும். அது பயிலும் எல்லா இடங்களிலும் மாற்ற வேண்டும். அதுவல்லாத ஓரிடத்திலும் மாற்றலாகாது. கூற்றளவில் இஃது எளிது. ஆயின் 'அது' எது, 'அதுவல்லாதது' எது என்று அறிவதே கருவியின் முழு அறிவுமாகும். பெயர் தமிழ்ப் பெயராயின் கருவி தடுமாறுவது ஈண்டேதான்.

மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே ஓடும் படகுகளின் நேர அட்டவணைக்கு மாணவி ஒருத்தி செய்நிரல் எழுதுகின்றாள் எனக் கொள்வோம். க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியற் பாடத்தில் பைத்தான் மொழி இடம்பெற்றுள்ளது. பாடத்தை அவள் தமிழிலேயே கற்கின்றாள். ஆதலால் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் இடுவது அவளுக்கு இயல்பு. 2008இல் வெளிவந்த மூன்றாம் பைத்தான் அதற்கு இடந்தருகின்றது. அதுமட்டுமன்றி, ஒகர ஓகாரக் குறிகள் ஒன்றாயினும் பிரிந்தனவாயினும் பெயர்களைச் சமப்படுத்தி ஒன்றாகவே கொள்ளும் விதியையும் அம்மொழி உடையது. இது பாராட்டுக்குரியது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அவ்வாறு செய்வதில்லை. தமிழ் எழுத்துகளுக்கு அவை இடந்தந்த போதிலும், குறி வேறாயின் பெயரும் வேறு என்பதே அவற்றின் இலக்கணம். அங்கே திருகோணமலை என ஒரே வடிவில் தோன்றும் இரு மாறிகள் இருக்கலாம். ஒன்றில் இட்ட எண் மற்றதில் இராது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டதை ஒருங்குறிக்கு மாற்றும்போது, சரிவரச் செய்யப்படாத மாற்றிகள் கொம்பையும் காலையும் பிரித்தே விட்டுவிடுவதுண்டு. கொம்பை முன்னும் காலைப் பின்னுமாகத் தட்டும் தட்டச்சுப் பொறி வழக்கம் இலங்கையில் ஆழ வேரூன்றியது என்பதையும் நினைவிற்கொள்க.

பைத்தானின் தொகுப்பி சமப்படுத்துவதனால் மட்டும் இடர் தீர்ந்துவிடவில்லை. தொகுப்பி பெயர்களைச் சமப்படுத்துகின்றதேயன்றி, மேற்கோட் குறிக்குள் அமைந்த சொற்களைச் சமப்படுத்துவதில்லை. ஆகவே அட்டவணையில் ஊர்ப்பெயரைத் திறவுகோலாக வைத்துத் தேடும்போது பழைய பேதம் மீண்டும் தலைகாட்டுகின்றது. செய்நிரலைச் செய்நிரலாக நோக்காது வெறும் உரையாக நோக்கித் தேடி மாற்றும் கருவிகளோ, ஒரு வடிவைக் கண்டு மற்றதைத் தவறவிடும்.

இதனினும் வியப்பானது சொல்லெல்லை பற்றியது. முழுச்சொல்லாக வரும் இடங்களை மட்டுமே தேடு என்று ஆணையிடும் வசதி எல்லாத் தேடற் கருவிகளிலும் உண்டு. பைத்தானோடு உடன்வரும் தேடற் கருவி, எழுத்தும் எண்ணும் சொல்லின் உறுப்புகள், ஏனையவை சொல்லுக்குப் புறம்பானவை என்ற விதியின்படி நெடுங்காலமாக இயங்கி வந்துள்ளது. தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்துகள் அல்ல! அதனிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 'தம' எனவும் 'ழ' எனவும் இரு துண்டாக்கித் தரும். திசையைக் குறிக்க 'வட' என்று இட்ட பெயரை 'வடக்கு' என்று மாற்றச் சொன்னால், உணவுப் பட்டியலில் உள்ள வடையும் வடக்கு நோக்கித் திரும்பிவிடும். ஐகாரக் குறி மட்டும் நிற்க இடமின்றி இறுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் பிழை எங்கே என்று அறியாது விழிக்கும் மாணவிக்கு நகைப்பு வாராது.

கோ என்னும் மொழி இன்னும் ஒருபடி மேற்சென்றுள்ளது. பெயரில் எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் அன்றி வேறெதனையும் அம்மொழி ஏற்பதில்லை. உயிர்க்குறியும் புள்ளியும் ஒருங்குறி வகைப்பாட்டில் எழுத்து என்ற பிரிவில் அடங்கா. ஆதலின் அகரமேறிய மெய்யும் தனியுயிரும் மட்டுமே வரும் சொற்களையே அங்குப் பெயராக இடலாம். 'பல' என்று எழுதலாம். 'சில' என்று எழுத முடியாது. கடல், கப்பல், படகு, வலை ஆகிய எதுவும் அங்குச் செல்லாது. துறைமுக நகரத்தான் ஒருவன் அம்மொழியில் எதைப் பற்றித்தான் தமிழில் எழுதுவான்?

கலைப்பீடத்தாருக்கு இவ்வாராய்ச்சியில் என்ன உரிமை என்ற வினா எழலாம். உரிமை உண்டு, அது பழையது. ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடுவது அரிது. எகரமும் ஏகாரமும் வடிவில் வேறுபடா. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பதிப்பாசிரியராக அமர்ந்து செய்த பணியின் பெரும்பகுதி, ஒரே வடிவினவாய்த் தோன்றும் இரண்டில் எது எது என்று துணிதலும், வெவ்வேறாய்த் தோன்றும் இரண்டு உண்மையில் ஒன்றே என்று காணுதலுமாகும். திருகோணமலையிற் பிறந்து சென்னையில் வாழ்ந்து பதிப்புப்பணி புரிந்த த. கனகசுந்தரம்பிள்ளையும் (1863–1922) இம்மரபினரே. எழுதியவன் கைப்பிழை வேறு, பாடபேதம் வேறு என்று பகுத்தறியும் இவ்வாற்றலே பகுப்பாய்வுக் கருவிக்கும் வேண்டப்படுவது. சுவடியைப் படிப்பவருக்கு மொழியறிவு இன்றியமையாதது என்பதை எவரும் மறுப்பதில்லை. செய்நிரலைப் படிக்கும் கருவிக்கு அது வேண்டா என்று கொள்ளப்பட்டதே வழுவின் மூலம்.

ரகரமும் காலும் என்ற பழைய மயக்கம் கணினியிலும் தொடர்கின்றது என்பது குறிப்பிடத்தக்கது. 'ரி' என்பதை ரகரத்தின் மேல் இகரக் குறியிட்டு எழுதாது, காலின் மேல் குறியிட்டுத் தட்டச்சிடும் வழக்கம் பலரிடம் உண்டு. 'ஔ' என்னும் எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவதும், பௌர்ணமியின் பகரத்துக்குக் கொம்பும் ளகரமும் இடுவதும் அவ்வாறே. இவை எவையும் ஒருங்குறியின் சமப்படுத்தும் விதிக்குள் அடங்கா. ஸ்ரீ என்னும் எழுத்து இரு வேறு சகரங்களால் இரு வகையிற் பதியப்படுவதும், திரையில் இரண்டும் ஒரே உருவாகத் தோன்றுவதும் இவற்றோடு சேர்த்தெண்ணத்தக்கன. தமிழ் எண்ணாகிய ௧, ககரத்தை ஒத்திருத்தல் மற்றொன்று. 'கப்பல்௧' என முடியும் பெயரும் 'கப்பல்க' என முடியும் பெயரும் கருவிக்கு வெவ்வேறு, கண்ணுக்கு ஒன்று.

இம்மயக்கங்களை மேனாட்டார் அறியாரல்லர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கலஸ் பௌச்சரும் றொஸ் அண்டர்சனும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஒத்த தோற்றமுடைய எழுத்துகளாலும் மறைகுறிகளாலும் செய்நிரலில் வஞ்சகம் புகுத்தலாம் என்பதை எடுத்துக்காட்டியது. அதன்பின் பல கருவிகள் விழிப்படைந்தன. அதே ஆண்டு பிறமொழி எழுத்துப் பெயர்களுக்கு இடந்தந்த றஸ்ட் மொழி, பெயர்களைச் சமப்படுத்துவதோடு, மயக்கந்தரும் பெயர்கள் இரண்டு ஒரே செய்நிரலில் வரின் எச்சரிக்கவும் செய்கின்றது. எழுத்தை அனுமதித்தபோதே அதற்குரிய பகுப்பாய்வையும் உடன்வைத்த இம்முறை ஏனைய மொழிகளுக்கு முன்மாதிரியாகத்தக்கது. ஆயின் பொதுப்போக்கு அதுவன்று. ஆங்கிலமல்லாத எழுத்து என்றாலே ஐயத்துக்குரியது என்னும் மனப்பான்மையே மேலோங்கியுள்ளது. பைத்தானுக்குரிய பைலின்ட் என்னும் பகுப்பாய்வுக் கருவி, ஆங்கில எழுத்துக்குப் புறம்பான எழுத்து பெயரில் வந்த மாத்திரத்தே அப்பெயரை மாற்றுமாறு அறிவுறுத்துகின்றது. வீட்டுக்காரர் வருக என்றழைக்க, வாயிற்காவலன் மறித்து நிற்பது போன்றது இது. உலகெங்கும் பயிலும் பொது நூலகங்களுக்கு ஆங்கில எழுத்தே வேண்டும் என்னும் விதியில் நியாயம் உண்டு. பலநாட்டார் கூடிச் செய்யும் வேலைக்குப் பொதுவெழுத்து இன்றியமையாதது. பள்ளிக்கூட மேசையில் எழுதப்படும் பத்து வரிச் செய்நிரலுக்கும் அதே எச்சரிக்கையை விடுப்பதே பொருந்தாமை.

எச்சரிக்கைக்கு அஞ்சிய மாணவர் கைக்கொள்ளும் வழி யாவரும் அறிந்தது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிவிடுவர். அவ்வெழுத்தில் பாலமும் பழமும் பலமும் ஒரே கூட்டெழுத்தாகிவிடும்; லகர ளகர ழகரங்களும், நெடிலும் குறிலும் மறையும். பெயர் என்பது பொருளை உணர்த்துவதற்காக இடப்படுவது என்ற மறுசீரமைப்புக் கோட்பாட்டின் அடிப்படையே இங்குத் தகர்கின்றது. கருவி தன் குறையை மறைக்க மொழியைக் குறைக்கச் சொல்கின்றது.

தமிழரிடமும் குறை இல்லாமல் இல்லை. தமிழிற் செய்நிரல் எழுதும் முயற்சிகளுள் முத்தையா அண்ணாமலை ஆக்கிய எழில் மொழி தலையாயது. பைத்தானின் மேல் கட்டப்பட்ட இம்மொழி, ஒதுக்குச் சொற்களைத் தமிழாக்கியதோடு நில்லாது வாக்கிய அமைப்பையும் தமிழ் மரபுக்கு இயைய அமைத்தது. நிபந்தனையை முன்னே கூறி 'ஆனால்' என்று பின்னே முடிக்கும் அதன் நடை, வினையை இறுதியில் வைக்கும் தமிழ்த் தொடரின் இயல்பை உணர்ந்து செய்யப்பட்டது; வெறும் மொழிபெயர்ப்பன்று. ஆயினும் அதனைச் சூழ எழுந்த பேச்செல்லாம் ஒதுக்குச் சொற்களைப் பற்றியதாகவே இருந்தது. ஒரு மொழியின் ஒதுக்குச் சொற்கள் சில பத்தே. ஒரு கிழமையில் மனனமாகிவிடும். எழுதுவோன் தானே ஆக்கும் பெயர்களோ எண்ணிறந்தன. பெயர்களைக் காக்கும் கருவிகளில் செலவிடப்பட்ட உழைப்பு ஒதுக்குச் சொற்களில் செலவிடப்பட்டதனோடு ஒப்பிடத் தக்கதன்று. எழிலின் ஒதுக்குச் சொற்களிலேயே 'தொடர்', 'பின்கொடு' என்ற இரண்டில் ஒகரக் குறி வருவதை நோக்குக. பிரிந்த குறியாற் பதிந்த 'தொடர்' குறிக்குக் குறி ஒப்பிடும் எந்தக் கருவிக்கும் ஒதுக்குச் சொல்லாகாது. இனந்தெரியாப் பெயராகவே படும். அதே ஆசிரியரின் முயற்சியால் எழுந்த ஓப்பன்-தமிழ் நூலகம், சொல்லொன்றைக் குறிகளாகவன்றித் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் வல்லமை உடையது. வேண்டிய விதை கைவசம் உண்டு; அதைப் பகுப்பாய்வுக் கருவிகளின் நிலத்தில் விதைப்பாரைத்தான் காணவில்லை.

இலங்கையிலேயே பிறந்த செய்நிரல் மொழி ஒன்றும் உண்டு. டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தார் 2017இல் அறிமுகஞ் செய்து, 2019இல் முதலாம் பதிப்பாக வெளியிட்ட பலரினா அது. கருவி நோக்கில் அதன் அமைப்புச் சிறப்புடையது: செய்நிரலின் சொற்களை மட்டுமன்றி இடைவெளியையும் குறிப்புரையையும் கூட இழக்காது மரவடிவில் பேணிக்கொள்வதால், ஓரிடத்தைத் திருத்தும்போது ஏனைய இடங்கள் எழுதியவன் எழுதியவாறே நிற்கும். பெயர்களில் தமிழெழுத்துக்கும் அதன் இலக்கணம் இடந்தருகின்றது. தமிழும் சிங்களமும் அரசகரும மொழிகளாகவுள்ள நாட்டில் தோன்றிய மொழியாயினும், பிழைச் செய்திகள் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. அவற்றைத் தமிழாக்குவது அகராதி பார்த்துச் செய்யும் வேலையன்று. செய்தியின் நடுவே பெயர் வந்து பொருந்துவதற்கு ஒரு வெற்றிடம் விடப்பட்டிருக்கும். அவ்விடத்தின் பின் இரண்டாம் வேற்றுமையுருபை ஒட்டினால், 'கப்பல்ஐ' என்றும் 'படகுஐ' என்றும் புணராத வடிவங்கள் தோன்றும். 'கப்பல் என்னும் பெயர்' என்று இடைச்சொல்லால் இணைத்தால் எப்பெயரும் ஊறின்றிப் பொருந்தும். இது செய்நிரலாளர் அறியாத நுட்பம். தமிழிலக்கணம் கற்றவர் நொடியிற் கூறத்தக்கது.

புணர்ச்சி பற்றி மேலும் ஒன்று. பெயர்மாற்றத்தின்போது குறிப்புரைகளிலும் அப்பெயரைத் தேடி மாற்றும் வசதி சில கருவிகளில் உண்டு. ஆங்கிலத்தில் இஃது ஓரளவு பயன்படும். தமிழில், கப்பலை, கப்பலுக்கு, கப்பலின் என்பவற்றுள் 'கப்பல்' என்ற வடிவம் குறியளவில் இல்லவே இல்லை. புள்ளி இருந்த இடத்தில் உயிர்க்குறி வந்தமர்ந்துவிட்டது. கப்பற்பட்டியலில் லகரமும் றகரமாயிற்று. ஆகவே மாறியின் பெயர் தோணி என்றாகியும் குறிப்புரை கப்பலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். உருபு நீக்கி அடிச்சொல் காணும் நிரல் ஸ்னோபோல் தொகுதியில் தமிழுக்கும் உண்டு. அதனைப் பெயர்மாற்றக் கருவியோடு இணைத்தல் அரிய செயலன்று. முழுமையாகத் தானே மாற்றிவிடாது, ஐயமுள்ள இடங்களை எழுதுவோனுக்குக் காட்டி இசைவு கேட்பதே இங்கு முறையாகும். பாடபேதத்தை மூலத்தில் நுழைக்காது அடிக்குறிப்பில் வைத்த பதிப்பாசிரியரின் அடக்கம் கருவிக்கும் வேண்டும்.

பிழை நேர்ந்த இடத்தைச் சுட்டும் எண்ணும் திருந்த வேண்டியதே. மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் 2016இல் வகுத்த மொழிச் சேவையக நெறிமுறையே இன்று எழுதுகருவிகளுக்கும் பகுப்பாய்வுக் கருவிகளுக்கும் இடையே தூது செல்வது. அது இடங்களைக் குறிகளின் அலகால் அளக்கின்றது. 2022இல் வந்த திருத்தம் வேறு அலகுகளைத் தெரிந்துகொள்ள இடந்தந்த போதிலும், எழுத்தை அலகாகக் கொள்ளவில்லை. திருகோணமலைக்கு அடுத்து நிகழ்ந்த பிழை, ஆறெழுத்துக்குப் பின் என்னாது பத்துக்குப் பின் என்றோ, எண்பிட்டுத் தொகுதிகளால் அளப்பின் முப்பதுக்குப் பின் என்றோ அறிவிக்கப்படும். தூதின் அலகு எதுவாயினும் ஆகுக. மனிதனுக்குக் காட்டும் எண்ணாயினும் மனிதன் எண்ணும் எண்ணாக இருத்தல் வேண்டும்.

திருகோணமலைப் பாடசாலைகளில் தமிழ்வழி கற்றுக் கணினி விஞ்ஞானத்துக்குத் தெரிவாகும் மாணவர், கோணேசபுரியில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலோ பிறவிடத்திலோ ஆங்கில வழியே அதனைத் தொடர்கின்றனர். தொழிலும் ஆங்கிலத்திலேயே. இருந்தும் முதன்முதல் ஒரு சிந்தனையைச் செய்நிரலாக்கும் பருவம் தமிழில் நிகழ்கின்றது. அப்பருவத்திற் கருவி இழைக்கும் அநீதியை மாணவர் தம் அறியாமை என்றே கொள்கின்றனர். அதனைச் சோதித்தறிய ஆய்வுகூடம் தேவையில்லை. துறைமுகத்தைச் சூழவுள்ள திருகோணமலை, கோணேசபுரி, கொட்டியாரம் ஆகிய மூன்று பெயர்களை இரு வகைக் குறியாலும் ஒரு செய்நிரலில் எழுதுக. கோணேசபுரியின் ஈற்றெழுத்தைக் காலின்மேல் இகரமிட்டு ஒருமுறை தவறாகவும் எழுதுக. ஒவ்வொன்றையும் பெயர்மாற்றுமாறு கருவியைப் பணித்து, எத்தனை இடங்கள் மாறின, எத்தனை விடுபட்டன, தவறாக எழுதியதை அது சுட்டிற்றா என்று எண்ணிப் பார்க்க அரைமணி நேரம் போதும்.